கிளந்தான் கம்பத்துப் பள்ளியில் ஆறு ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கிழக்குக் கரையில், கிளந்தான் மாநிலத்து மலாய்க் கம்பம், அதாவது கிராமம், ஒன்றின் தொடக்கப்பள்ளியில் 1971 முதல் 1976 வரை படித்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களும், தமிழ்நாட்டில் உள்ள உறவினர்களும், என் பேரப்பிள்ளைகளும் அந்த நாள்களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். மலாயா வாழ்க்கையைப் பற்றி நம்மவர்கள் எழுதியவற்றில் தோட்டமும் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தமிழ்ப்பள்ளியும் நிறைய உண்டு; கம்பத்துப் பள்ளி அரிதாகவே வருகிறது. அந்தக் குறையும் என்னை எழுதத் தூண்டியது.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மலாய்ப் பள்ளிக்குப் போனது எப்படி?

அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கூட்டத்தில் வேலை செய்தார். கெமாஸில் தொடங்கித் தும்பாட் வரை போகும் கிழக்குக் கரை ரயில்பாதை 1931-இல் முழுமையடைந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அதன் தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டது. போருக்குப் பிறகு மறுபடியும் போட்டார்கள். அந்தப் பாதை நெடுகிலும் ஆங்காங்கே சில தமிழ்க் குடும்பங்கள் இருந்ததற்கு இந்த வேலைதான் காரணம். தானா மேராவுக்கும் குவாலா கிராய்க்கும் இடையில், விரைவு ரயில்கள் நிற்காத ஒரு சிறு நிலையத்தின் அருகில் எங்கள் வீடு இருந்தது. நான்கு தமிழ்க் குடும்பங்கள், ஒரு சீனர் கடை, மற்றபடி எல்லாப் பக்கமும் மலாய்க் கம்பம்.

கிளந்தான் முழுவதற்கும் ஒரே ஒரு தமிழ்ப்பள்ளிதான் உண்டு. அது குவாலா கிராய் வட்டாரத்தில் பாசிர் காஜா தோட்டத்தில் இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை நாள்தோறும் போய்வர வழியில்லை. கம்பத்துப் பள்ளியோ எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. 1962 முதல் தொடக்கக் கல்விக்குக் கட்டணமும் இல்லை. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி அது தேசியப் பள்ளி. பெரியவர்கள் பழைய வழக்கப்படி மலாய்ப்பள்ளி என்றே சொன்னார்கள். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “பிள்ளைக்குத் தமிழ் போய்விடும்” என்று பல இரவுகள் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரே பதில்தான் சொன்னார்: “தமிழை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.”

பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?

தகரக் கூரை போட்ட மரக்கட்டடம் இரண்டு, நடுவில் மணல் திடல், திடலில் கொடிக்கம்பம், பின்புறம் ஒரு கிணறு. கட்டடங்கள் கம்பத்து வீடுகளைப் போலவே தூண்கள் மேல் நின்றன. மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் ஆசிரியர் பேசுவது கேட்காது. அப்போது அவர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். வகுப்பறைக்குக் கீழே, தூண்களுக்கு இடையில் இருந்த நிழலில் கோழிகள் மண்ணைக் கிளறும். பலகை இடுக்கு வழியாகப் பென்சில் விழுந்துவிட்டால், ஓய்வு நேரத்தில் குனிந்துபோய்க் கோழிகளுக்கு நடுவே தேடி எடுக்க வேண்டும். மின்சாரம் கிடையாது. வகுப்பைக் கூட்டுவதும் கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் செடிகளுக்கு ஊற்றுவதும் பிள்ளைகளின் முறைவேலை.

கிளந்தானில் வார விடுமுறை வெள்ளியில் வரும். ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் பள்ளிநாள். பினாங்கில் இருந்த என் சித்தி பிள்ளைகள் ஞாயிறன்று வீட்டில் இருப்பார்கள் என்பதை அறிந்தபோது, அவர்கள் பள்ளிக்குப் போகாமல் ஏய்க்கிறார்கள் என்றே நெடுநாள் நம்பினேன்.

முதல் நாள் மொழி புரிந்ததா?

கொஞ்சம் புரிந்தது. கடைக்குப் போய்வந்ததில் சில சொற்கள் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது கிளந்தான் பேச்சு; பாடப்புத்தகத்தில் இருந்தது வேறு மலாய். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்குவதில்லை, ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

‘என்ன’ என்பதற்குப் புத்தகத்தில் ‘அபா’; கம்பத்தில் ‘காபோ’. ‘எப்படி’ என்பதற்குப் புத்தகத்தில் ‘பாகைமானா’; கம்பத்தில் ‘குவானே’. ‘வெளியே போ’ என்பதில் வரும் ‘கெலுவார்’ எங்களுக்குத் ‘துபிக்’. பணத்துக்குப் ‘பித்திஹ்’. சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’ ஒலி மூக்கில் கரைந்துபோய், ‘மாகான்’ (உண்) என்பது ‘மாகே’ என்றாகும், ‘இகான்’ (மீன்) ‘இகே’ என்றாகும். ஆகவே முதல் வகுப்பில் மலாய்ப் பிள்ளைகளும் என்னைப் போலவே ஒரு புதிய மொழியைக் கற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வகுப்பில் ஆசிரியர் கேட்டால் புத்தக மலாய், திடலில் இறங்கினால் கிளந்தான் மலாய். வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் மூன்றாவதாகத் தமிழ்.

ஆசிரியரை ‘சிக்கு’ என்று அழைக்கச் சொன்னார்கள். வீட்டில் அம்மா தலைவாரும்போது சொல்லும் சிக்குதான் எனக்குத் தெரியும். அதை எப்படி ஒரு பெரியவருக்குச் சொல்வது என்று அன்று முழுவதும் வாய் திறக்காமல் இருந்தேன். ‘என்சிக்’ என்ற மரியாதைச் சொல்லும் ‘குரு’வும் சேர்ந்து குறுகியதே அது என்பதை மூன்றாம் வகுப்பில்தான் அறிந்துகொண்டேன்.

மலாயில் தமிழ்ச் சொற்கள் இருப்பது அப்போதே தெரியுமா?

யாரும் சொல்லித் தரவில்லை, காதுதான் கண்டுபிடித்தது. கடை ‘கெடாய்’, கட்டில் ‘காத்தில்’, பெட்டி ‘பெத்தி’, கப்பல் ‘காப்பால்’, திரை ‘திராய்’. புதிதாக ஒன்று அகப்பட்டால் வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொல்வேன், அவர் ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதிவைப்பார். ‘செகோலா’ என்ற சொல்லே போர்த்துக்கீசியர் தந்தது, நாற்காலியைக் குறிக்கும் ‘கெருசி’ அரபியிலிருந்து வந்தது, ‘பஹாசா’ சமஸ்கிருதம் என்பதெல்லாம் பின்னாளில் படித்தவை. அந்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே: நான் முழுக்க வெளியாள் இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. ‘கெடாய்’ அந்தச் சாட்சியைச் சொன்னது.

1972-இல் எழுத்துமுறை மாறியதாமே, அது பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது?

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 1972 ஆகஸ்ட் 16 அன்று, மலேசியாவும் இந்தோனேசியாவும் ரூமி என்னும் ரோமன் எழுத்துக்குப் பொதுவான புதிய முறையை அறிவித்தன. அதுவரை பள்ளிகளில் இருந்தது, ஸாபா என்று எல்லோரும் அழைத்த அறிஞர் சைனால் அபிடின் அகமது 1920-களில் வகுத்த முறை. பழைய முறையில் ‘கூச்சிங்’ (பூனை), ‘சாவான்’ (கிண்ணம்) போன்ற சொற்களில் ‘ச’ ஒலி வரும் இடத்தில் ch என்று இரண்டு எழுத்துகள் எழுத வேண்டும், புதிய முறையில் c ஒன்றே போதும். ‘கம்போங்’ என்று எழுதியது ‘கம்புங்’ ஆயிற்று. பறவையைக் குறிக்கும் ‘புரோங்’ ‘புருங்’ ஆயிற்று. ‘புடாக்-புடாக்’ (பிள்ளைகள்) என்று இரட்டித்து வரும் சொற்களைப் பழைய முறையில் ஒருமுறை எழுதிப் பக்கத்தில் 2 என்று இலக்கம் போட்டால் போதும். இனி இருமுறையும் முழுதாக எழுத வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு அதில்தான் வருத்தம்.

எங்கள் ஆசிரியை அந்த வாரம் கரும்பலகையில் பழைய சொற்களை எழுதி, வேண்டாத எழுத்தை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக் காட்டினார். துடைத்த இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தடம் நின்றது. பழைய எழுத்து அந்தத் தடத்தில் இன்னும் தெரிவதுபோல் எனக்குத் தோன்றியது. புதிய புத்தகங்கள் உடனே வரவில்லை. பழைய புத்தகத்தில் படித்து, புதிய முறையில் எழுதினோம். இன்றும் அவசரத்தில் எழுதும்போது சில சொற்களில் என் கை பழைய எழுத்துக்குப் போய்விடுகிறது.

சீருடை என்ன அணிந்தீர்கள்?

பையன்களுக்கு வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை. மலாய்ப் பெண்பிள்ளைகள் வெள்ளை பாஜு குரோங்கும் (தளர்வான நீண்ட மலாய்ச் சட்டை) நீலக் கைலிப் பாவாடையும் அணிந்தார்கள். நான் மட்டும் நீலப் பினோஃபோரும் (கையில்லாத கவுன்) உள்ளே வெள்ளைச் சட்டையும். ஆறு ஆண்டுகளில் மிகவும் வெட்கப்பட்டது அந்தப் பினோஃபோருக்காகத்தான். வகுப்புப் படம் எடுக்கும்போது முழங்கால் தெரிவது எனக்கு மட்டும்தான். மூன்றாம் வகுப்பில் அழுது அடம்பிடித்தேன். அம்மா, பக்கத்து வீட்டு மோக் சுவிடம் அளவு கேட்டுக்கொண்டு வந்து, பழைய வேட்டித் துணியில் ஒரு பாஜு குரோங் தைத்துக் கொடுத்தார். கழுத்தோரத் தையல் மட்டும் அம்மாவுக்கு வரவில்லை. அதை மோக் சு வாங்கிப் பிரித்து மறுபடி தைத்தார். மோக் சு என்றால் கிளந்தான் வழக்கில் கடைசிச் சித்தி. எங்களுக்கு அவர் உறவில்லை, ஆனாலும் அந்தச் சொல்லைத் தவிர வேறு எதையும் சொல்லி அவரை நாங்கள் அழைத்ததில்லை.

காலணி வெள்ளைக் கேன்வாஸ். வாரக் கடைசியில் துவைத்து, வெள்ளைப் பூச்சு தடவி, வெயிலில் காயவைக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவிய பிறகுதான் போட்டுக்கொள்வார்கள்.

ஆசிரியர்கள் எப்படிப்பட்டவர்கள்?

பெரும்பாலோர் அதே வட்டாரத்துக்காரர்கள். தலைமையாசிரியர், அதாவது குரு பெசார், 1922-இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். மலாய் ஆசிரியர்களின் ஒரு பெரிய தலைமுறையே அங்கே உருவானது. பின்னாளில் எழுத்தாளர்களாகவும் விடுதலை உணர்வாளர்களாகவும் அறியப்பட்ட பலர் அந்தக் கல்லூரியின் மாணவர்கள். பிரிட்டிஷார் அங்கே கூடை முடைவதையும் தோட்ட வேலையையும் பாடமாக வைத்தார்கள். கம்பத்துப் பிள்ளை கம்பத்திலேயே நல்ல உழவனாகவும் மீனவனாகவும் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் குரு பெசார் மூங்கில் பிளந்து கூடை முடையக் கற்றுத் தந்தார். அதே கையோடு, மாலையில் தம் வீட்டு விளக்கில் கணக்குப் பலவீனமான பிள்ளைகளை உட்கார வைத்து, காசு வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பில் அரசு நடத்திய மதிப்பீட்டுத் தேர்வுக்கு 1975-இல் எங்களைத் தயார் செய்தது அந்த விளக்குதான்.

பிரம்பும் இருந்தது. வீட்டுப்பாடம் செய்யாததற்கு இரண்டு அடி வாங்கியிருக்கிறேன். அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அடித்ததையும் காரணத்தையும் அப்பாவிடம் சொல்லி, ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

சமயப் பாட வேளையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?

முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கான நன்னெறிக் கல்வி, 1983-இல் புதிய தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தோடுதான் வந்தது. என் காலத்தில் அந்த வேளை எனக்குச் சும்மா இருக்கும் வேளை. படிக்கட்டில் உட்கார்ந்து படம் வரைவேன். உள்ளே உஸ்தாஸ் (சமய ஆசிரியர்) சொல்லச் சொல்ல முப்பது குரல்கள் சேர்ந்து துஆ (வேண்டுதல்) ஓதும். பொருள் தெரியாமலே அந்த ஓசை எனக்கு மனப்பாடமாயிற்று. கந்தசஷ்டிக் கவசமும் எனக்கு அப்படித்தான் மனப்பாடமாயிற்று என்பதால் அதில் புதுமை எதுவும் தெரியவில்லை. ஒருநாள் மழைச்சாரல் படிக்கட்டை நனைத்தபோது உஸ்தாஸ் என்னை உள்ளே அழைத்துக் கடைசிப் பலகையில் உட்காரச் சொன்னார். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறையின் பாடம் நடந்துகொண்டிருந்தது. என்னை எதுவும் கேட்கவில்லை, எதையும் ஓதச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலமிருந்து இடமாக எழுத்துகள் கைகோத்துப் போவதைப் பார்த்து, மழைக்காலம் முடிவதற்குள் கடைப்பலகைகளைப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டேன். கிளந்தானில் கடைப்பலகை ஜாவியில் இருப்பது இயல்பு. அதனால் அந்தக் கல்வி வீண்போகவில்லை.

பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளின் பொழுது எப்படிக் கழிந்தது?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குப் புதிதாகப் படுவது இதுதான். மணி அடித்ததும் பள்ளி முடிந்துவிடவில்லை. மாலையில் பிள்ளைகள், குர்ஆன் சொல்லித் தரும் தோக் குருவின் வீட்டுக்கு ஓதப் போவார்கள். முதலில் முகாடம் என்ற தொடக்கநூல், பிறகு குர்ஆன். கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. பையன்கள் விறகு பிளந்து போடுவார்கள், பெண்பிள்ளைகள் நீர் கொண்டுவந்து வைப்பார்கள். என் தோழி ஓதி முடிக்கும்வரை நான் அந்த வீட்டு ஏணியின் கீழ்ப்படியில் காத்திருப்பேன். தோக் குருவின் மனைவி மேலிருந்து வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்த் துருவலோடு நீட்டுவார்.

குர்ஆனை முழுதாக ஓதி முடித்தவர்களுக்குக் கத்தாம் சடங்கு. மஞ்சள் நிறப் புளுட், அதாவது பசையரிசிச் சோறு, நடுவே குவித்து, மேலே காகிதப் பூக்களோடு அவித்த முட்டைகளைக் குச்சியில் செருகி வைப்பார்கள். தோழியின் கத்தாமுக்கு வந்த குரு பெசார், வகுப்பில் வாய்பாடு ஒப்பிக்கத் திணறிய அதே பிள்ளை நீண்ட பகுதிகளைத் தடங்கலின்றி ஓதியதைக் கண்கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர், தோக் குரு, இமாம், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அப்பாமார் எல்லோரும் ஒரே பாயில் இருந்தார்கள். கம்பத்தில் பள்ளிக்கூடம் தனியாக இல்லை, அது வீடுகளின் நீட்சி என்று நான் சொல்வது இந்தக் காட்சியை வைத்துத்தான்.

உணவு விஷயத்தில் சிரமம் இருந்ததா? இந்து வீட்டுப் பிள்ளைக்கு மாட்டிறைச்சி சிக்கலாக இருந்திருக்குமே?

சிரமம் இருந்ததில்லை, அதற்கு ஒருவரின் கவனம் காரணம். பள்ளிக் கேண்டீன் என்பது ஓலைக்கூரைக்குக் கீழ் ஒரு நீண்ட மேசை. மோக் சுவின் அக்காள் அதை நடத்தினார். எனக்கு நாள் காசு இருபது காசு, அதாவது கிளந்தான் கணக்கில் இரண்டு குப்பாங். ஒரு குப்பாங்குக்கு நாசி பெர்லாவுக்: வாழையிலையில் சோறும் ஒரு துண்டு மீன் குழம்பும். பேச்சு மலாயில் ‘டாகிங்’ என்றால் பொதுவாக மாட்டிறைச்சிதான். டாகிங் வைத்த பொட்டலங்களை அவர் ஒரு தட்டிலும் மீன் வைத்தவற்றை வேறு தட்டிலும் அடுக்கி, என்னுடையதில் மட்டும் தென்னை ஈர்க்கைக் குறுக்காகக் குத்தி அடையாளம் செய்வார். கரண்டியும் வேறு. நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா இதை அறிந்த நாளில், முறுக்குச் சுட்டு ஒரு டின் நிறைய அனுப்பினார்.

சில நாள் நாசி கெராபு கிடைக்கும். சங்குப்பூவைப் பிழிந்த நீரில் சமைத்த நீலச்சோறு, பச்சிலைகள், தேங்காய், மீன், மேலே சில துளி பூடு என்ற மீன் ஊறல். நம் வீட்டில் பூசைக்கு வைக்கும் சங்குப்பூ சோற்றில் இருப்பதைக் கண்டு முதல் நாள் தொடவே இல்லை. இரண்டாம் நாள் தொட்டேன். இன்றும் கோலாலம்பூரில் கிளந்தான் கடை எங்கே இருந்தாலும் தேடிப் போகிறேன்.

நோன்பு மாதத்தில் கேண்டீன் மூடியிருக்கும். நான் கொண்டுவந்த சோற்றை ஆசிரியர் அறையின் பின்னால் உண்ண இடம் கொடுத்தார்கள். ஆனால் தோழி பசித்திருக்க நான் உண்ண மனம் வரவில்லை. ஒரு வாரம் நானும் பகல்வரை நோன்பிருந்தேன். பாதியில் விட்டுவிடும் சிறுபிள்ளை நோன்புக்கு மலாயில் ‘புவாசா யாங் யோக்’ என்று ஒரு பெயர் உண்டு. பெருநாளன்று வீடுவீடாகப் போய்ப் பெரியவர்களின் கையைப் பற்றி முத்தமிட்டு மன்னிப்புக் கேட்போம். அம்மா இதைப் பார்த்து, “நாம் காலைத் தொடுகிறோம், அவர்கள் கையைத் தொடுகிறார்கள், அவ்வளவுதான்” என்றார். தீபாவளிக்கு அவர்கள் எங்கள் வீட்டில் உண்ண வேண்டும் என்பதற்காக, அப்பா கோழிகளை மோக் சுவின் கணவரிடம் கொடுத்து முறைப்படி அறுத்து வாங்கி வருவார்.

என்ன விளையாடினீர்கள்?

பெயர்தான் வேறு, விளையாட்டில் பாதி நம்முடையதே. பத்து செரெம்பான் என்பது ஐந்தாங்கல். கொண்டா கொண்டி கிட்டிப்புள். குளி என்று அவர்கள் சொன்னது கோலிக்குண்டு. பாக்குமட்டையில் ஒருவர் உட்கார, மற்றவர் இழுத்துக்கொண்டு ஓடும் தாரிக் உபேயும் உண்டு. ரப்பர் விதை உதிரும் காலத்தில் இரண்டு விதைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் அடிப்போம். எது பிளக்கிறதோ அதன் சொந்தக்காரர் தோற்றார். உடையாத விதையை வைத்திருந்தவன் அந்தப் பருவம் முழுவதும் பெரிய மனிதன்.

நெஞ்சுக்கு நெருக்கமானது சொங்காக். நம் பல்லாங்குழிதான், ஆனால் இருபக்கமும் ஏழேழு குழிகளோடு, முனைக்கு ஒன்றாக ‘ரூமா’ என்ற வீட்டுக்குழியும் இருக்கும். குழிக்கு ஏழாக 98 விதைகள் வேண்டும். தோழியிடம் மஞ்சாடி விதைகள் இருந்தன, கெட்டிப்பால் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அவற்றைக் கையிலிருந்து குழிகளில் உதிர்க்கும்போது வரும் சத்தம், நல்ல மழை தொடங்குவதற்கு முன் ஓலைமேல் விழும் முதல் சில துளிகளின் சத்தம். பாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பல்லாங்குழியில் வீட்டுக்குழி இல்லை என்பதற்காக எங்களுக்குள் ஒரு முறை பெரிய வழக்கே நடந்தது.

அறுவடை முடிந்த வயல்களில் பையன்கள் வாவ் என்னும் பட்டம் விடுவார்கள். வாவ் புலானின் தலையில் கட்டிய வில் நாண் காற்றில் ரீங்கரிக்கும். இரவில் பட்டத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டால், படுக்கையில் கிடக்கும்போதும் அந்த ஒலி மேலிருந்து கேட்கும்.

நிழற்கூத்தில் இராமாயணம் பார்த்தீர்களா?

பார்த்தேன். கிளந்தான் வாயாங் கூலிட், தோல்பாவைகளால் இராமன் கதையைச் சொல்லும் கூத்து. ஸ்ரீ ராமா, சித்தி டேவி, லக்ஸமானா, மகாராஜா வானா. கோமாளிகள் பாக் டோகோலும் வாக் லோங்கும் நம் இராமாயணத்தில் இல்லை. மலாய்ப் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் முக்கியம். மறுநாள் வகுப்பில், ஸ்ரீ ராமாவைப் பற்றி எங்கள் பாட்டி சொன்னதை நான் சொல்ல, “உன் பாட்டிக்கு எப்படித் தெரியும்?” என்று பையன்கள் வியந்தார்கள். அவர்கள் கதையில் அனுமன் இராமனின் மகன். எங்கள் கதையில் இல்லை. இதைப் பற்றிக் கடுமையாக வாதாடினோம், மணி அடித்ததும் விட்டுவிட்டோம். 1990-களில் மாநிலத்தில் இந்தக் கூத்துக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. என் வகுப்பினருக்குக் கிடைத்த அந்த இரவுகள், பின்னால் வந்த பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

மழைக்காலமும் வறுமையும் பள்ளியைப் பாதித்தனவா?

மிகவும். அந்நாளில் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். நவம்பரில் தெங்குஜோ என்னும் வடகிழக்குப் பருவமழை இறங்கும். கம்பத்தின் வருமானம் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில். பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டினாலும் பால் மழையோடு போகும். ஆகவே மழை வாரக்கணக்கில் நீடித்தால் அடுப்பும் அடங்கும், ஜனவரியில் புதிய ஆண்டுக்குப் பிள்ளைகள் பழைய சட்டையோடு வருவார்கள். 1967 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தின் உயரத்தைப் பள்ளித் தூணில் ஒரு கோடாகக் குறித்து வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் அந்தக் கோட்டோடு எங்கள் உயரத்தை அளந்து பார்ப்போம். ஆறாம் வகுப்பில்தான் என் தலை அதைத் தாண்டியது. பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் வந்தபோது, அதுவரை ஒரே புத்தகத்தை மூன்று பேர் பார்த்துப் படித்த வகுப்பில் ஆளுக்கொரு புத்தகம் கிடைத்தது. என் தோழி அன்று புத்தகத்தைத் தலையணைக்குக் கீழ் வைத்துத் தூங்கினாள்.

இன வேறுபாட்டால் மனம் புண்பட்டதுண்டா?

ஒரு முறை. நான் முதல் வகுப்பில் சேர்ந்தது 1969 மே 13 இனக் கலவரத்துக்கு ஒன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு. கலவரம் நடந்தது கோலாலம்பூரில். எங்கள் கம்பத்தில் ஒன்றும் நடக்கவில்லை, என்றாலும் பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவை, அதாவது நாட்டின் ஐந்து கோட்பாடுகளை, வாரந்தோறும் கொடிக்கம்பத்தின் கீழ் நின்று ஒப்பித்தோம். நான்காம் வகுப்பில் ஒரு பையன் சண்டையில் என்னைப் பார்த்து, இந்தியர்களை இழித்துச் சொல்லும் அந்தப் பழைய சொல்லைச் சொன்னான். அது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்றும், ஒரு காலத்தில் வெறும் பெயராகவே இருந்தது என்றும் இப்போது அறிவேன். அன்று அது அடியாகத்தான் விழுந்தது. ஆசிரியை அவனைத் தண்டிக்கவில்லை. எங்கள் இருவரையும் ஒரு மாதம் ஒரே பலகையில் உட்கார வைத்தார். எனக்கு அதில் மிகுந்த கோபம். அவனைத் தண்டித்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த மாதத்தின் முடிவில் அவன் தன் உடையாத ரப்பர் விதையை என் பெட்டியில் போட்டுவிட்டுப் போனதும் உண்மை.

தமிழை எப்படிக் கற்றீர்கள்?

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ரயிலில் ஒரு நாள் தாமதமாக எங்களுக்கு வந்து சேரும். இரவு உணவுக்குப் பின் தலைப்புச் செய்திகளை நான் உரக்கப் படிக்க வேண்டும். தவறினால் அந்த வரியை மூன்று முறை. பிறகு மணலில் எழுத்து. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படித்தார்கள். நான் நேரே முதலாம் படிவத்துக்குப் போனேன். அந்த ஓராண்டை நான் சேமித்தேன் என்று உறவினர்கள் சொல்வார்கள். வகுப்பறையில் உட்கார்ந்து தமிழ்ச் செய்யுள் படித்த ஆறு ஆண்டுகள் அவர்களுக்கு உண்டு, எனக்கு இல்லை என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது அத்தகைய பள்ளிகள் எப்படி இருக்கின்றன?

கட்டடம் கல்லாகிவிட்டது, மின்விசிறி சுழல்கிறது. 1979 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுத் திட்டம் உண்டு. ஆறாம் வகுப்பு அரசுத் தேர்வு 1988-இல் வந்து, 2021-இல் நீக்கப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அங்கே படிப்பவர்கள் எழுதுவதே முறை.

தோழியோடு இன்னும் தொடர்பு உண்டா?

உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், அப்பா இறந்த பிறகு, பழைய ரயில்வே வீட்டைப் பார்க்கப் போனேன். வீடு இடிக்கப்பட்டிருந்தது, கிணற்றின் வளையம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. தோழி அதே கம்பத்தில்தான் இருக்கிறாள். ஏணியில் ஏறும்போதே உள்ளிருந்து, கம்பத்தில் பெண்பிள்ளைகளை அழைக்கும் வழக்கப்படி, “மேக்!” என்றாள். நாற்பது ஆண்டுகளில் என்னை யாரும் அப்படி அழைத்திருக்கவில்லை. சோறு உண்ட பிறகு சொங்காக்கை எடுத்து வந்தாள். பால் டப்பா துருப்பிடித்திருந்தது, விதைகள் சிவப்பு மாறாமல் இருந்தன. எண்ணிப் பார்த்தோம், தொண்ணூற்றைந்து. அவள் பேரன் ஓடிப்போய் மஞ்சாடி மரத்தடியில் இருட்டும்வரை தேடி, மூன்று விதைகளைப் பொறுக்கி வந்து அவள் கையில் வைத்தான்.